மன அமைதிக்கு அவங்கவங்க வழி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "நெருக்கடியான வாழ்க்கையில் மன அமைதி". நோட்டீஸில் இதைப் பார்த்ததும் எங்க வீட்டுக்காரர் சிரிச்சுட்டாருங்க. "உனக்கா இந்தத் தலைப்பு?"ன்னு கேட்டார். அவர் சிரிச்சதுல தப்பில்லை. நிர்வாகக் குழுவில் இந்தத் தலைப்புக்கு யாராவது ஒரு டாக்டரையோ சாமியாரையோ கூப்பிடலாம்னுதான் முதல்ல பேச்சு வந்தது. தலைவி அக்காதான், "வெளியாள் வேண்டாம். நம்மள்ல தூக்கம் கெட்டு, மறுபடியும் தூங்குனவ ஒருத்தி பேசட்டும்"னு சொல்லிட்டு என்னைப் பார்த்தாங்க. அதனால வந்திருக்கேன். புத்தகத்துல படிச்சதைப் பேச வரலை.

எங்க அம்மா காலத்துக் குழுவிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் ஐ.நா.வின் வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கினாங்க. 1991-92-ல் அது சேலம் மாவட்டத்துக்கு வந்தது. அப்ப நாமக்கல் தனி மாவட்டம் கிடையாது, சேலத்தோடதான் இருந்தது. 1997-லதான் பிரிஞ்சது. எங்க அம்மா அந்தக் காலத்துல சேர்ந்தவங்க. கைநாட்டு வெச்சுட்டிருந்தவங்க கையெழுத்துப் போடப் பழகினதே குழுவுக்காகத்தான். மாசம் கொஞ்சம் சேமிப்பு, அதுலயே ஒருத்தருக்கொருத்தர் கடன், கோயில் திண்ணையில கூட்டம். யாருக்கு எவ்வளவு கடன், எதுக்கு வாங்கினாங்க, எத்தனை தவணை பாக்கின்னு சுத்தி உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். மறைக்கறதுக்கு அங்க இடமே இல்லை.

இப்ப நம்ம தெருவுக்கு எத்தனை பேர் வர்றாங்க? திங்கள்கிழமை ஒருத்தர், செவ்வாய்க்கிழமை ஒருத்தர், வெள்ளிக்கிழமை ரெண்டு பேர். பைக்குல, தோள்ல பேக் மாட்டிக்கிட்டு. அதுவும் "குழுக் கடன்"தான். ஆனா அந்தக் குழு நம்ம குழு மாதிரி இல்லை. நம்ம குழுவில் முதல்ல சேமிப்பு, அப்புறம் கடன். அங்க சேமிப்பே கிடையாது, கடன் மட்டும்தான். கடன் வாங்கறதுக்காகப் பத்துப் பேரைச் சேர்த்து ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன் ஆக்கிடுவாங்க. நான் ஒரு வாரம் கட்டலைன்னா, பக்கத்து வீட்டு அக்கா என் கதவைத் தட்டணும். நேத்து வரைக்கும் கறிவேப்பிலை கடன் கேட்ட அக்கா இன்னைக்கு வசூல்காரி ஆயிடறாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. நான் கட்டாத பணம் அவங்க தலையில விழும். நம்ம சேலம், நாமக்கல் பக்கத்துப் பொம்பளைங்க மன அமைதியைப் பத்திப் பேசறதா இருந்தா, இந்தக் கடனைப் பேசாம வேற எதைப் பேசினாலும் அது ஊரை ஏமாத்தற பேச்சு.

என் கதையைச் சொல்றேன். எங்க வீட்டுக்காரர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை. போர் போடற வண்டியோட ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம்னு போவாங்க, மாசக்கணக்குல வீட்டுக்கு வரமாட்டாங்க. நான் ராசிபுரம் பக்கம் சேகோ ஆலையில் சீசனுக்குக் கிழங்குத் தோல் உரிக்கப் போவேன். கொரோனாவில் வண்டி நின்னு போச்சு. 2021-ல் அரிசி பருப்புக்காகன்னு முதல் கடன். அதுக்கு அடுத்த வருஷம் பொண்ணைப் பதினொண்ணாம் வகுப்புக்கு ஹாஸ்டல் வசதி இருக்கிற பள்ளிக்கூடத்துல சேர்த்தோம். நாமக்கல் பள்ளிக்கூடத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ பிள்ளைகளைக் கொண்டு வந்து விடறாங்க, உள்ளூர்ல இருந்துக்கிட்டு நம்ம சேர்க்காம விடறதான்னு ஒரு நெனப்பு. ஃபீஸுக்கு ரெண்டாவது கடன். இந்த ரெண்டையும் கட்ட முடியாம 2023-ல் மூணாவது கடன். அந்த மூணாவது கடன் ஃபாரத்தில் எங்க குடும்ப வருமானத்தை, வந்த பையன் அவனே ஒரு தொகையைப் போட்டு எழுதிக்கிட்டான். நானும் படிச்சுப் பார்க்காமக் கையெழுத்துப் போட்டேன். ஊக்குநரா இருந்து எத்தனை பேருக்குப் "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க"ன்னு சொன்னவ நான்.

மாசம் 3,200, 3,600, 4,300. கூட்டினா 11,100. வீட்டுக்கு வர்றதே நல்ல மாசத்துல 18,000 ரூபாய்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு மேல வசூலுக்கு வருவாங்க. நான் லைட்டை அணைச்சுட்டு, பின்னாடி மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துக்குவேன். வந்தவர் திண்ணையில் உட்கார்ந்துக்கிட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி போன்ல பேசுவார். ஒரு வெள்ளிக்கிழமை அந்த நேரம் பார்த்து ஹாஸ்டலிலிருந்து என் பொண்ணு கூப்பிட்டா. நான் போனை வாய்கிட்ட வெச்சு மெதுவாப் பேசறேன். அவ கேக்கறா: "அம்மா, ஏம்மா குசுகுசுன்னு பேசற? அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?" அந்தப் பிள்ளை அன்னைக்கு அங்க தூங்கியிருப்பாளா? பாப்பாவுக்கு மறுநாள் பரீட்சை வேற.

நாலு மாசம் சரியான தூக்கம் இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடும். அப்புறம் தொகைகள் ஓடும் தலைக்குள்ள. முடி கொட்டுச்சு. மாடு முட்டுச்சுன்னா மாட்டை அடிப்பேன். வியாழக்கிழமை குழுக் கூட்டத்துல மட்டும் சிரிச்ச முகத்தோட உட்கார்ந்து மத்தவங்க கணக்கை எழுதுவேன்.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரில் மனவளக்கலை வகுப்பு நடந்தது. இது நம்ம பக்கம் நிறையப் பேருக்குத் தெரியும். "வாழ்க வளமுடன்"னு சொல்லுவாங்களே, அவங்கதான். இதை ஆரம்பிச்ச வேதாத்திரி மகரிஷி 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்து வேலை செஞ்சவர், குடும்பஸ்தர். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தை ஆரம்பிச்சார். பொள்ளாச்சி பக்கம் ஆழியாறில் பெரிய அறிவுத் திருக்கோயில் இருக்கு. 2006-ல் காலமானார். காட்டுக்குப் போ, வீட்டை விடுன்னு சொல்லாம, குடும்பத்துல இருக்கிறவங்களுக்குன்னு எளிய உடற்பயிற்சி, தவம், அகத்தாய்வுன்னு வெச்சுட்டுப் போனவர். தறிக்காரர் சொன்னதுங்கறதால எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

உடற்பயிற்சி நல்லா இருந்தது. கிழங்கு உரிச்சு உரிச்சுப் புடிச்சுக்கிட்ட தோள்பட்டை ஒரு வாரத்துல லேசாச்சு. ஆனா தவத்துக்குக் கண்ணை மூடினா, உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு 11,100-தான் தெரிஞ்சது. மத்தவங்க முகத்தைப் பார்ப்பேன், எல்லாரும் அமைதியா உட்கார்ந்திருப்பாங்க. நமக்குத்தான் கொடுத்து வைக்கலைன்னு நெனச்சுக்குவேன். இப்ப யோசிச்சா, அவங்க தலையிலயும் ஒரு தொகை ஓடிட்டிருந்திருக்கும்.

எனக்குக் கைகொடுத்தது அகத்தாய்வுல வர்ற ஒரு பாடம். கவலை ஒழித்தல்னு பேர். கவலைகளை நாலாப் பிரிக்கச் சொல்றார் மகரிஷி. அனுபவிச்சே தீர வேண்டிய கவலை ஒண்ணு. தள்ளிப் போட வேண்டியது ஒண்ணு. அலட்சியம் செய்ய வேண்டியது ஒண்ணு. உடனே தீர்க்க வேண்டியது ஒண்ணு. வகுப்பு எடுத்த அம்மா இதைச் சொன்னதும் நான் குழுக் கணக்கு எழுதற பழக்கத்துல நோட்டுல நாலு கட்டம் போட்டுட்டேன். எனக்கு எதையும் கட்டம் போட்டாத்தாங்க புரியும்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். மாமியாருக்குக் கண் பார்வை குறைஞ்சுட்டு வருது, டாக்டர் பார்த்தாச்சு, வயசாச்சு. அது அனுபவிச்சுத்தான் தீரணும். பொண்ணு எந்தக் காலேஜ், எவ்வளவு செலவு, அது தள்ளிப் போட வேண்டியது, இன்னும் ரிசல்ட்டே வரலை. நாத்தனார் சீர் பத்தாதுன்னு நாலு பேர்கிட்ட பேசினது அலட்சியம் செய்ய வேண்டியது. அதை எழுதறப்பவே சிரிப்பு வந்துச்சு, இதுக்கா ஒரு வருஷம் மனசு வெந்தேன்னு. கடைசியில கடன். அதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு ரொம்ப நேரம் பேனாவை வெச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். இத்தனை மாசமா நான் அதைத் தள்ளிப் போட வேண்டிய கட்டத்துல வெச்சிருந்திருக்கேன். உடனே தீர்க்க வேண்டிய கட்டத்துல எழுதினேன். எழுதினதும் வயித்தைக் கலக்குச்சு. ஏன்னா, உடனே தீர்க்கணும்னா முதல்ல யார்கிட்டயாவது சொல்லணும்.

முதல்ல வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன். அவர் ராஜஸ்தான்ல இருந்தார். எல்லாத்தையும் சொன்னேன், மூணு கடன், மூணு தொகை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட் ஆயிடுச்சுன்னு நெனச்சு "ஹலோ, ஹலோ"ங்கறேன். அப்புறம் சொல்றார்: "நானும் வண்டி ஓனர்கிட்ட இருபதாயிரம் அட்வான்ஸ் வாங்கிட்டேன். உனக்குத் தெரிஞ்சா கவலைப்படுவேன்னு சொல்லலை." அதுனாலதான் பணம் கொறைச்சு வந்துட்டிருந்திருக்கு! நான் அவருக்குக் கவலை வேண்டாம்னு மறைச்சேன், அவர் எனக்குக் கவலை வேண்டாம்னு மறைச்சார். ரெண்டு பேருமா சேர்ந்து இரட்டைக் கவலைப்பட்டிருக்கோம். அன்னைக்கு ரெண்டு பேரும் போன்ல அழுதோமா சிரிச்சோமான்னு எனக்கே தெரியலை.

குழுவில் சொன்னதுதான் கஷ்டம். 2024 மாசி மாசம் ஒரு வியாழக்கிழமை. சேமிப்பு வசூல் முடிஞ்சு, தீர்மான நோட்டுல கையெழுத்து ஆகறதுக்கு முன்னாடி, "எனக்கு ஒண்ணு சொல்லணும்"னு எழுந்திரிச்சேன். சொன்னேன். எல்லாரும் வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டாங்கன்னு நெனைக்காதீங்க. ஒருத்தர் எழுந்திரிச்சு நேரா கேட்டாங்க: "அப்ப எங்க பணத்துல எவ்வளவு எடுத்த?"

அந்தக் கேள்வி என்னைக் குத்துச்சு. பதினெட்டு வருஷம் அந்த ரொக்கப் புத்தகத்தை எழுதினவ நான். ஆனா கேட்டது நியாயம். கடன்ல மூழ்கினவ கையிலதானே பெட்டி இருக்கு. நான் சொன்னேன்: "புத்தகம் எல்லாத்தையும் எடுத்துக்குங்க. பெட்டிச் சாவியையும் எடுத்துக்குங்க. நான் பக்கத்துல இல்லாம நீங்களே தணிக்கை பண்ணுங்க." வேப்பமரத்தடியில போய் உட்கார்ந்துக்கிட்டேன். ரொக்கப் புத்தகம், பேரேடு, ஒவ்வொருத்தர் தனிப் பாஸ்புக்கு, பேங்க் பாஸ்புக்குன்னு ரெண்டரை மணி நேரம் ஒத்துப் பார்த்தாங்க. எட்டு ரூபாய் அதிகமா இருந்தது. ஜெராக்ஸ் எடுத்த மிச்சம்.

அன்னைக்கு ராத்திரி நான் தூங்கினேங்க. ஒரு பைசா கடன் குறையலை. மறுநாள் வெள்ளிக்கிழமை, வசூலுக்கு வருவாங்க. இருந்தும் தூங்கினேன். காலையில் மாமியார் வந்து எழுப்பற வரைக்கும் தூங்கினேன். எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது கடன்தான்னு அதுவரைக்கும் நெனச்சிருந்தேன். பாதிதான் கடன், மீதிப் பாதி மறைச்சது.

அந்தக் கேள்வி கேட்ட அக்கா இன்னைக்கும் என்கிட்ட அளவாத்தான் பேசுவாங்க. இங்கதான் எங்கேயோ உட்கார்ந்திருக்காங்க. பெட்டிச் சாவி இப்ப அவங்ககிட்டதான் இருக்கு. அப்படியே இருக்கட்டும்.

அடுத்த வாரம் குழு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மூணாவது கடன்ல 28,000 பாக்கி. வட்டி மாசம் நூத்துக்கு ரெண்டு ரூபாய்க்கு மேல. குழு உள்கடனா 28,000 கொடுத்து அதை முடிச்சுட்டாங்க. குழுவுக்கு நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, மாசம் 1,500 கட்டணும். அப்ப 3,200, 3,600, 1,500, கூட்டினா 8,300. வருமானத்துல பாதிக்குக் கீழ வந்துடுச்சு. புதுக் கடன் எதுவும் வாங்கக் கூடாதுன்னு தீர்மானத்துல எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. மத்த ரெண்டும் முடிஞ்சது. குழுக் கடன்ல கடைசித் தவணை மட்டும் பாக்கி.

ஏன் பாதின்னு சொல்றேன்னா, அது நான் சொல்ற அளவு இல்லை, ரிசர்வ் பேங்க் சொன்னது. மகளிர் திட்டப் பயிற்சியில்தான் இது எனக்குத் தெரிஞ்சது. 2022 ஏப்ரலில் இருந்து இந்த விதி இருக்கு. வருஷ வருமானம் மூணு லட்ச ரூபாய் வரைக்கும் இருக்கிற குடும்பத்துக்கு அடமானம் இல்லாமக் கொடுக்கற கடன்தான் நுண்கடன். அந்தக் குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாசம் கட்ட வேண்டிய தொகை, மாச வருமானத்துல பாதியைத் தாண்டக் கூடாது. வசூல், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஒரு பொது இடத்துலதான் பண்ணணும். அந்த இடத்துக்கு நாம தொடர்ந்து ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ வராம விட்டாத்தான் வீட்டுக்கோ வேலை செய்யற இடத்துக்கோ வரலாம். காலை ஒன்பது மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேலயும் வசூலுக்குப் போன் பண்ணக் கூடாது. கெட்ட வார்த்தை பேசக் கூடாது, சொந்தக்காரங்க, கூட வேலை செய்யறவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாது. 2025-ல் நம்ம தமிழ்நாட்டிலும் தனியா ஒரு சட்டம் வந்திருக்கு. வலுக்கட்டாயமா வசூல் பண்றது, மிரட்டறது, பின்னாடியே வர்றது, சாமானைத் தூக்கிட்டுப் போறது எல்லாம் குத்தம், ஜெயில் தண்டனை வரைக்கும் போகும். அந்த ஏழரை மணித் திண்ணை வசூலே தப்புன்னு தெரிஞ்சிருந்தா, நான் மாட்டுக் கொட்டகையில் ஒளிஞ்சிருக்க மாட்டேன். மன அமைதிக்கு நடுவுல சட்டத்தைப் பேசறாளேன்னு நெனைக்காதீங்க. எனக்கு மந்திரம் மாதிரி உதவினது இந்த விதிதான்.

நம்ம பள்ளிபாளையத்துச் செய்தி உங்க எல்லாருக்கும் தெரியும். 2025 ஜூலையில், கடன் தாங்காத விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்கறாங்கன்னு பேப்பர்ல, டிவியில எல்லாம் வந்ததே. தெரிஞ்சவங்க தெருவு அது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. உடம்பை வெட்டிக் கொடுக்கற வரைக்கும் ஒருத்தர் போறாங்கன்னா, அதுக்கு முன்னாடி எத்தனை ராத்திரி யார்கிட்டயும் சொல்லாம முழிச்சுக் கெடந்திருப்பாங்க!

சரி, என் வழி நோட்டு வழி. எல்லாருக்கும் அது ஒத்து வராது. எங்க குழுவிலயே நான் ஆர்வத்துல எல்லாரையும் நாலு கட்டம் போடச் சொன்னேன். ரெண்டு பேர் போட்டாங்க. மத்தவங்க, "போ அக்கா, கணக்கு எழுதறதே போதும்"னுட்டாங்க. ஆனா விசாரிச்சா ஒவ்வொருத்தருக்கும் ஒரு வழி இருக்கு.

குமாரபாளையத்துல வாக்கப்பட்டுப் போன எங்க சித்தி பொண்ணு தறி ஓட்டறா. அந்தச் சத்தத்துல நான் போய் அரை மணி நேரம் உட்கார்ந்தாத் தலைவலி வந்துடும். அவ சொல்றா: "தறி ஓடுனாத்தாங்க்கா எனக்கு மனசு நிக்கும். கரண்டு போச்சுன்னாத்தான் எல்லாக் கவலையும் வரும்." இழை அறுந்துடக் கூடாதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கணுமே, அந்தக் கவனத்துல வேற எதுவும் உள்ள வர்றதில்லை. இதைக் கேட்டப்புறம் அமைதின்னா சத்தம் இல்லாத இடம்னு நான் சொல்றதில்லை.

இன்னொரு அக்கா அமாவாசைக்கு அமாவாசை திருச்செங்கோட்டு மலை ஏறுவாங்க. மேல வரைக்கும் பஸ்ஸும் காரும் போகுது, ஆனா அவங்க ஆயிரத்து இருநூறு படியையும் நடந்துதான் ஏறுவாங்க. ஊரிலிருந்து அடிவாரம் வரைக்கும் 2021-ல் வந்த இலவச டவுன் பஸ், அதுக்கு மேல கால் நடை. செலவு கற்பூரம் மட்டும். அந்த மலையில் அறுபதாம் படின்னு ஒண்ணு இருக்கு. பஞ்சாயத்துல தீராத வழக்கை அந்தக் காலத்துல அங்க நின்னு சத்தியம் பண்ணித் தீர்த்துக்குவாங்கன்னு பெரியவங்க சொல்வாங்க. அந்த அக்கா அங்க கொஞ்ச நேரம் நிப்பாங்களாம். "யாருக்கும் சொல்லாததை அங்க வாய் விட்டுச் சொல்லிட்டு வருவேன். அர்த்தநாரீஸ்வரர்கிட்ட கேக்கறதுக்கு அதுக்கப்புறம் ஒண்ணும் இருக்காது"ன்னாங்க.

எங்க குழுவில் இருக்கிற பாய் வீட்டு அக்கா, விடிகாலைத் தொழுகை முடிச்சுட்டு, குழாயில தண்ணி வர்றதுக்கு முன்னாடி இருக்கிற கால் மணி நேரம் சும்மா உட்காருவாங்க. "அந்தக் கால் மணி நேரம் மட்டும்தான் யாரும் என்னை எதுக்கும் கூப்பிட மாட்டாங்க"ன்னு சொன்னாங்க. நம்மள்ல நிறையப் பேருக்கு அந்தக் கால் மணி நேரம் கூட இல்லை. வீட்டுல ஆம்பளைங்க டீக்கடைக்குப் போறேன்னு போனா அது ஓய்வு. நாம சும்மா உட்கார்ந்தா, "உடம்புக்கு என்ன?"ன்னு கேக்கறாங்க! இன்னொரு தங்கச்சி, பேர் சொன்னா அடிக்க வருவா, பஸ் ஸ்டாப்புல வேணும்னே ஒரு பஸ்ஸை விட்டுட்டு அடுத்த பஸ்ஸுல வீட்டுக்குப் போவாளாம். நடுவுல இருக்கிற இருபது நிமிஷம் அவளோடது. எனக்கு இது ரொம்பப் புடிச்சிருந்தது.

ரெண்டு விஷயத்தை மட்டும் கண்டிப்பாச் சொல்லிடணும். அமைதின்னா பொறுத்துப் போறதுன்னு நமக்குச் சின்ன வயசிலிருந்தே சொல்லிக் கொடுத்திருக்காங்க. "அனுசரிச்சுப் போ, வாயை மூடிக்க, வீட்டுல அமைதி இருக்கும்"ம்பாங்க. அது வீட்டுக்கு அமைதி, நமக்கு இல்லை. குடிச்சுட்டு அடிக்கிற வீட்டுல இருக்கிறவகிட்ட போய்த் தியானம் பண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு முதல்ல 181. பெண்கள் உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். அப்புறம் குழுவுல நாலு பேர் கூட நிக்கணும்.

இன்னொண்ணு, மலை ஏறியும், தவம் பண்ணியும், பேசியும் தீராத மனக்கஷ்டம் உண்டு. வாரக்கணக்குல தூக்கம் இல்லை, பசி இல்லை, எதுலயும் ஒட்டலை, உசிரோட இருந்து என்னன்னு நெனப்பு வருதுன்னா, அது வியாதி. சர்க்கரை, பிரஷர் மாதிரிதான். அதுக்கு மாத்திரையும் இருக்கு, டாக்டரும் இருக்காங்க. ஜி.ஹெச்.ல மனநலப் பிரிவு இருக்கு. 14416-ன்னு ஒரு நம்பர். 2022-ல் "நட்புடன் உங்களோடு"ன்னு பேர் வெச்சு நம்ம மாநிலத்துல தொடங்கினாங்க. இருபத்து நாலு மணி நேரமும் தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. 104-லயும் பேசலாம். நான் அந்த நாலு மாசத்துல ஒரு ராத்திரி கிணத்து மேட்டுல போய் நின்னிருக்கேன். இதை இன்னைக்குத்தான் முதல் தடவையா மைக்ல சொல்றேன். அப்ப இந்த நம்பர் எனக்குத் தெரியாது. மாடு கத்துச்சு, தண்ணி காட்டணுமேன்னு திரும்பி வந்துட்டேன். எல்லாருக்கும் மாடு கத்தும்னு சொல்ல முடியாது. அதனால நம்பரை எழுதிக்குங்க. பேனா இல்லாதவங்க பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட வாங்கி இப்பவே எழுதிக்குங்க, நான் நிக்கறேன்.

எழுதியாச்சா? சரி.

எங்க குழுவில் போன வருஷத்திலிருந்து ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். சேமிப்பு, கடன், தவணை, தீர்மானம் எல்லாம் முடிஞ்சு நோட்டை மூடினதுக்கப்புறம் ஒரு பத்து நிமிஷம். யாருக்கு என்ன சொல்லணுமோ சொல்லலாம். அதை நோட்டுல எழுத மாட்டோம், வெளியில பேச மாட்டோம், கேட்டாலொழிய யோசனையும் சொல்ல மாட்டோம். முதல் மூணு வாரம் யாரும் வாயைத் திறக்கலை, பத்து நிமிஷமும் முறுக்குத்தான் சாப்பிட்டோம். நாலாவது வாரம் ஒரு பாட்டி, மருமக தனக்குக் காப்பித்தண்ணியில சக்கரை போடறதில்லைன்னு சொல்லி அழுதுச்சு. நாங்க சிரிச்சுட்டோம், பாட்டிக்குச் சுகர். பாட்டியும் சிரிச்சுடுச்சு. அதுக்கப்புறம் பத்து நிமிஷம் பத்தறதில்லை. சில வாரம் மாடு கறக்கற நேரம் ஆயிடுது.

வேற குழுக்காரங்க பார்க்கணும்னு நெனச்சா வரலாம். வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டரை மணி, எங்க ஊர் மாரியம்மன் கோயில் திண்ணை. பஸ்ஸை விட்டு இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. நோட்டு மூடற வரைக்கும் பேசாம உட்கார்ந்திருக்கணும், அது மட்டும்தான் நிபந்தனை.